1799 இல்லாத புதுக்கோட்டை வரலாறு வேண்டாம்: மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புதுக்கோட்டை வரலாற்று மலர்க் குழுவினர் அனைவருக்கும்,

மலரின் பொருளடக்கத்தையும் திருத்திய பிரதியையும் அனுப்பியிருந்தீர்கள். சமஸ்தானத்தைப் பற்றி நான் எழுதித் தந்த கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கிறது. பக்கம் போதவில்லை என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போனவை எவை என்று பார்த்தேன். 1799இல் புதுக்கோட்டை மன்னர் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது போயிற்று. அதற்குப் பின் கிடைத்த கீழாநிலைக் கோட்டை போயிற்று. நிலம் பெற்றுப் படைக்கு நின்ற அமரக்காரர்களும் ஊழிய மானியங்களும் போயின. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஊரை விட்டுப் போன கதை இல்லை. 1931இல் வரியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தது இல்லை. குளங்கள், கோயில்கள், அம்மன் காசு, அரண்மனை, கல்லூரி ஆகியவை மட்டும் தப்பித்திருக்கின்றன.

காரணம் கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமா கசப்பு எதுக்கு சார்" என்றார் உங்களில் ஒருவர். "யார் மனசாவது புண்படும்" என்றார் இன்னொருவர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மாவட்டத்துப் பள்ளி நூலகங்களுக்கெல்லாம் இந்த மலர் போகும் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். அப்படியானால் இது நம் கூட்ட அறைக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் திருமயம் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பாளையக்காரர் பாடம் நடத்தும்போது பாஞ்சாலங்குறிச்சி, பானர்மென், கயத்தாறு என்று போய்க்கொண்டே இருப்போம். நடுவில் புதுக்கோட்டை என்ற பெயர் வரும். வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "நம்ம ஊர் ராஜாவா சார் பிடிச்சுக் கொடுத்தாரு?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். ஆமாம் என்பேன். ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப் பாடவேளை போதாது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படி என்று கொடுக்க, பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் ஒரு சின்னப் புத்தகம்கூட என் கையில் இருந்ததில்லை. இந்த மலர் அந்தப் புத்தகமாக இருக்கும் என்று நம்பித்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

இங்கே படித்துவிட்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் மேற்படிப்புக்குப் போன மாணவர்கள் விடுமுறையில் வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்பார்களாம், புதுக்கோட்டை என்றதும் "காட்டிக் கொடுத்த ஊரா" என்பார்களாம். விளையாட்டுக்குச் சொல்வதுதான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது சுருக்கென்று தைக்கும். ஒரு பயிற்சி முகாமில் சக ஆசிரியர் ஒருவர் என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்திருந்ததால் உட்கார்ந்து பேச முடிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஒன்று, தலை குனிந்தார்கள். இல்லாவிட்டால், நடக்கவே இல்லை என்று சண்டை போட்டார்கள். உங்கள் மலரும் அவர்களை அதே இடத்தில்தான் நிறுத்தப் போகிறது.

நடந்தது இதுதான். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மென் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டை கைவிட்டுப் போக, கட்டபொம்மன் வடக்கே நகர்ந்தார். அவரைப் பிடிக்க உதவும்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லூஷிங்டன் புதுக்கோட்டை மன்னரான தொண்டைமானைக் கேட்டுக்கொண்டார். திருக்களம்பூரை ஒட்டிய காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள், கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் 1789இல் பட்டத்துக்கு வந்த விஜய ரகுநாத தொண்டைமான். இதில் எதையும் மழுப்புவதற்கு இல்லை.

ஏன் பிடித்துக் கொடுத்தார் என்பதற்கு அந்த ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1750களின் தொடக்கத்தில் முகமது அலியும் சந்தா சாகிபும் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டார்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முகமது அலியும் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் வளைத்துக் கிடந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தொண்டைமான் நாட்டிலிருந்து உணவுப் பொருள்கள் போயின. அந்த வரத்து நின்றிருந்தால் முற்றுகை வேறு மாதிரி முடிந்திருக்கும். அன்று எடுத்த பக்கத்தை இந்தக் குடும்பம் அதன் பிறகு மாற்றவே இல்லை. 1781இல் ஐதர் அலியின் படை நாட்டுக்குள் வந்து சூறையாடியபோதும் மாற்றவில்லை. 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரிலும் தொண்டைமான் கம்பெனிக்குத்தான் துணை நின்றார்.

சுற்றிலும் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தஞ்சாவூர் மராத்தியர், இன்னொரு பக்கம் ராமநாதபுரம், சிவகங்கை. மேலே ஆர்க்காட்டு நவாப். இத்தனை பேருக்கு நடுவே வானம் பார்த்த பூமியும் கண்மாய்களுமாக ஒரு சிறிய நாடு. நூறு ஆண்டுக்கு முன்பு, 1686 வாக்கில், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் தயவில் உருவான நாடு அது. சேதுபதி மணந்த காதலி நாச்சியார் என்பவரின் உடன்பிறந்தவர்தான் முதல் மன்னர் ரகுநாத ராய தொண்டைமான். பெரியவர் ஒருவரின் நிழலில் நின்றால்தான் பிழைக்க முடியும் என்பது அந்த நாட்டுக்குப் பிறக்கும்போதே தெரிந்த பாடம். முதலில் சேதுபதி, பிறகு நவாப், பிறகு கம்பெனி.

அந்தக் கணக்கு பலித்தது. தெற்கே இருந்த பாளையங்கள் அழிந்தன அல்லது ஜமீன்களாகச் சுருங்கின. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுவதுமாக அடங்கிய நாடுகளில் 1947 வரை சமஸ்தானமாக நின்றது புதுக்கோட்டை ஒன்றுதான். பிரிட்டிஷாருக்குக் கப்பம் கட்டாமல் நின்றது. சுமார் 1,180 சதுர மைல் நிலம், தனிக் காசு, தனி நீதிமன்றம். நீங்கள் மலரில் வண்ணப் படம் போட்டுக் கொண்டாடுகிற எல்லாமே அந்தப் பிழைப்பில் வந்தவை. அந்தப் பிழைப்புக்குக் கொடுத்த விலையில் கட்டபொம்மனின் உயிரும் ஒன்று. வந்ததை எழுதிவிட்டுக் கொடுத்ததை மறைப்பது நேர்மையான கணக்கு ஆகாது.

இப்படி விளக்கம் சொல்வதால் அந்தச் செயலுக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த மனிதரைப் பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்புவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. தொண்டைமானுக்கு வேறு வழி இருந்ததா, நழுவிப் போக விட்டிருக்க முடியாதா என்று வகுப்பில் பிள்ளைகளை விவாதிக்க விட்டிருக்கிறேன். அவ்வளவு நல்ல விவாதத்தை வேறு எந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளால் தாங்க முடிந்த விஷயத்தை விழா மலர் தாங்காது என்று நீங்கள் முடிவு செய்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கீழாநிலையை ஏன் எடுத்தீர்கள்? 1803இல் கம்பெனி அந்தக் கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலப்பகுதியையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. தஞ்சாவூரோடு நெடுநாள் வழக்கில் இருந்த பகுதி அது. 1806இல் லண்டனில் இருந்த இயக்குநர்கள் அதை உறுதி செய்தார்கள். வேறு யாருக்கும் அதைக் கைமாற்றக் கூடாது, ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். யானையை ஒருபோதும் வற்புறுத்திக் கேட்கவில்லை. போர்க்கால உதவிகளுக்கான கைம்மாறு இது. இன்றைக்கும் கீழாநிலைக்கோட்டை நம் மாவட்டத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர் எப்படிப் புதுக்கோட்டையோடு சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

மனம் புண்படும் என்ற காரணத்துக்கு வருகிறேன். யார் மனம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நமக்குள் எல்லோருக்கும் தெரியும். மன்னர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள் வருந்துவார்கள் என்கிறீர்கள். ஒரு மன்னர் தன் அரசியல் கணக்கில் எடுத்த முடிவுக்கு இருநூறு ஆண்டு கழித்து ஏர் பிடிக்கிறவரும் பேருந்து ஓட்டுகிறவரும் எப்படிப் பொறுப்பாவார்கள்? மறைக்க மறைக்கத்தான் அந்தப் பழி மன்னரை விட்டு நழுவிச் சமூகத்தின் தலையில் ஏறுகிறது, பிறகு ஊரின் தலையில் ஏறுகிறது. யார், எப்போது, எந்த நெருக்கடியில், யாருடைய வேண்டுகோளில் என்று பெயரும் ஆண்டும் போட்டு எழுதுங்கள். பழி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

அடுத்து, ராஜாக்கள் மட்டுமே இருக்கிற வரலாறு. அமரக்காரர்களைப் பற்றி நான் எழுதியிருந்த பகுதி முழுவதும் போய்விட்டது. எங்கள் குடும்பம் அமரக்காரக் குடும்பம். சம்பளத்துக்குப் பதிலாக நிலம் கொடுத்து, கூப்பிட்ட நேரத்தில் ஈட்டியோடு வந்து நிற்க வேண்டும் என்று அமர்த்தப்பட்டவர்கள். சண்டை நின்ற பிறகு அரண்மனைக் காவலும் ஏவல் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தன. தீவட்டி பிடிக்க, சுமை தூக்க, கோயிலுக்குப் பூக் கட்ட என்று ஊழியத்துக்கு ஈடாக மானியம் பெற்றவர்கள் இன்னும் பலர். 1888இல் இந்த மானிய (இனாம்) நிலங்களுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, நிர்ணயித்து, இந்த ஊழியக் கட்டிலிருந்து நிலத்தை விடுவித்தார்கள். நம் மாவட்டத்தில் யாரிடம் எந்த நிலம் எப்படி வந்தது என்பதற்கான வேர் அங்கே இருக்கிறது. என் தாத்தா காலத்துப் பேச்சில் பாதி இந்த மானியம் பற்றியதுதான். அதை எடுத்துவிட்டு அரண்மனையின் தூண்களுக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

சேஷையா சாஸ்திரியாரைப் பற்றிய பகுதியை முழுதாக விட்டதற்கு நன்றி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் இங்கே வந்து 1894 வரை நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் செப்பனிட்டது, நேர்நேரான வீதிகளாக ஊரை ஒழுங்குபடுத்தியது எல்லாம் சரிதான். ஆனால் அதிலும் அமானி முறையை ஒழித்தது பற்றிய வரிகளை அடித்துவிட்டீர்கள். விளைந்த நெல்லைச் சர்க்காரும் குடியானவனும் பங்கு போட்டுக்கொள்வது அமானி. அதிகாரி வந்து பார்க்காமல் கதிரில் கை வைக்க முடியாது. அவர் வரும் வரை நெல் வயலிலும் களத்திலும் கிடக்கும். இடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கை நனைய வேண்டும். அதை மாற்றிப் பணமாகத் தீர்வை கட்டச் செய்தது, குளம் வெட்டியதை விடப் பெரிய காரியம் என்பது என் கருத்து. குளத்தைப் படம் எடுக்கலாம், தீர்வையை எடுக்க முடியாது. அதற்காக விட்டுவிடலாமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி "இவ்வூரில் பிறந்து மன்னர் கல்லூரியில் பயின்றவர்" என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி அது. ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆதரவாக நின்றதால் இடம் கிடைத்தது. அம்மையாரின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மகள்தான் பின்னால் சென்னை சட்டசபைக்குப் போய்த் தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். மன்னருக்குப் பெருமை சேர்க்கிற செய்தியைக்கூட, ஊரின் எதிர்ப்பும் தாயின் பிறப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக வெட்டியிருக்கிறீர்கள்.

அதே மன்னரின் திருமணத்தைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கினீர்கள். 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மாலி ஃபிங்க்கை அவர் மணந்தார். அந்த மணத்தில் பிறந்த மகனுக்குப் பட்டம் கிடையாது என்பதில் பிரிட்டிஷ் அரசு உறுதியாக இருந்தது. மன்னர் நாட்டைச் சகோதரரின் பொறுப்பில் விட்டுவிட்டு ஐரோப்பாவில் தங்கினார், 1928இல் பாரிஸில் இறந்தார். பட்டத்துக்கு வந்த ராஜகோபால தொண்டைமானுக்கு அப்போது ஆறு வயது. 1944 வரை முழு அதிகாரம் அவர் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் பல ஆண்டுகள் நிர்வாகத்தை நடத்தியவர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயர். மன்னர் இல்லாத இந்த நீண்ட காலத்தின் நடுவில்தான் 1931 வருகிறது. புது வரிகளை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். ராஜா வெளிநாட்டில் இருக்க, பிறகு குழந்தையாக இருக்க, வரியை மட்டும் யாரோ போட்டுக்கொண்டிருந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? இது குடும்ப விஷயமா, நாட்டு விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பெருமைக்குரியதை எழுத எனக்கு மனம் வராது என்று நினைக்க வேண்டாம். என் அப்பாயி நவராத்திரியில் அரிசியோடு வாங்கிய அம்மன் காசு எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய. ஓர் அணாவுக்கு இருபது காசு. 1910இல் அருங்காட்சியகம் தொடங்கியது, 1929இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பட்டியல் அச்சிட்டது போன்றவை பெரிய சமஸ்தானங்களே பொறாமைப்படும் காரியங்கள். 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு இணைப்பு நடந்தபோது ராஜகோபால தொண்டைமான் இளைஞர். பிடிவாதம் பிடிக்காமல் நாட்டை ஒப்படைத்தார். அவர் வாழ்ந்த அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. மனு கொடுக்க வருகிற குடியானவன் ராஜா நடந்த படியில் ஏறுகிறான். இதையெல்லாம் கையில் காசு உள்ளவன் கணக்குச் சொல்வது போலத் தைரியமாகச் சொல்லலாம். மற்றதையும் அதே குரலில் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இன்னொன்று. சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவி 1738இல் மன்னருக்கு மணலில் உபதேசம் எழுதிக் கொடுத்ததை நடந்த நிகழ்ச்சியாகவே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த மணலை அரண்மனையில் வைத்து வழிபட்டது உண்மை, அந்த நம்பிக்கை எனக்கும் மதிப்புக்குரியது. நம்பிக்கை என்று சொல்லியே எழுதுங்கள். ஆவணம் உள்ள 1799ஐ நீக்கிவிட்டு, செவிவழி வந்ததை வரலாறு என்று போட்டால் படிக்கிற பிள்ளைகள் எதைத்தான் நம்புவார்கள்?

அச்சகத்துக்கு அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். குழுவை முழுதாகக் கூட்டி, வெட்டிய பகுதிகளை ஒவ்வொன்றாக எல்லோர் முன்னாலும் படித்துப் பாருங்கள். 1799க்கும் கீழாநிலைக்கும் தனி அத்தியாயம் வேண்டும், மன்னர் பெயரோடு, தேதியோடு. அதற்கு அடுத்த பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடுங்கள். அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் நம் புத்தகத்திலேயே படிக்கட்டும். அமரக்காரர், ஊழியம், அமானி பற்றிய பகுதிகளைத் திரும்பச் சேருங்கள். இடம் வேண்டுமானால் அரண்மனைப் படங்களில் நான்கைக் குறையுங்கள். 1915 முதல் 1944 வரையிலான காலத்தை, 1931 உட்பட, ஒரே தொடராக எழுதுங்கள். செவிவழிக் கதைகளுக்கு மேலே அப்படியே குறிப்பிடுங்கள்.

எங்காவது நான் எழுதியது தவறு என்று ஆதாரத்தோடு காட்டினால் அந்த இடத்தை நானே மாற்றித் தருகிறேன். ஆதாரம் இல்லாமல் சங்கடம் என்ற ஒரே காரணத்துக்காக வெட்டியதை ஏற்க மாட்டேன். இவற்றில் எதுவும் முடியாது என்றால், சமஸ்தான அத்தியாயத்தின் மேலிருந்து என் பெயரை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருமயம் வட்டம்